அண்ணனைக் கொன்ற அத்தியாயங்கள்

நாவலைச் சென்னைக்கு அனுப்பிய மறுநாள் என் அண்ணன் ஜான்சன் என் பல்லை உடைத்தான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. நான் நாவல் எழுதுவதே அவனுக்குத் தெரியாது. மீன் குழம்பில் உப்பு கம்மி என்று அம்மாவின் தலைமுடியைப் பிடித்தான், நான் நடுவில் போனேன், அவ்வளவுதான். முன்பல் பாதியாக உடைந்து குழம்புக் கிண்ணத்தில் விழுந்தது. அதையும் சேர்த்துத் தின்றுவிட்டு எழுந்து போனான் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி நடக்கவில்லை. கிண்ணத்தைச் சுவரில் அடித்துவிட்டுப் போனான்.

அவனுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் டிரம் வேலை. வீட்டு உயரத்துக்கு மரப் பீப்பாய் சுற்றும். அதில் ஈரத் தோலை ஏற்றி இறக்க வேண்டும். ஊறிய மாட்டுத் தோல் ஒன்றைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கை எப்படியிருக்கும் என்று தெரியும். அப்பா செத்தபோது அவனுக்குப் பதினாறு வயது. அப்பா அடித்து நிறுத்திய இடத்திலிருந்து இவன் தொடங்கினான்.

நான் படித்தவள். கல்லூரியில் சேர்ந்தபோது தாசில்தார் ஆபீஸில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கொடுத்தார்கள். இந்த வீட்டில் இதற்குமுன் எவரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்கு அரசாங்க முத்திரை. பி.காம். முடித்துவிட்டு ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமுக்கு வந்தேன். சாம்பிளுக்கு அட்டை எழுதிக் கட்டி, பெட்டியில் போட்டு அனுப்புவது என் வேலை.

சாம்பிள் எப்படிப் போகும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷூ வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு நாங்கள் ஜோடி அனுப்ப மாட்டோம். வலது கால் மட்டும் போகும். ஒற்றைக் காலை எவனும் வழியில் திருடி விற்க முடியாது. பையர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், வளைப்பான், முகர்வான். ஓகே என்றால் இடது கால் தைப்போம், அப்புறம் மொத்த ஆர்டருக்கும் லைன் ஓடும். எங்கள் ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும்.

நாவலையும் நான் அப்படித்தான் அனுப்பினேன். முதல் பாதியை மட்டும். அது பாதிதான் என்று கூடப் போன மெயிலில் எழுதவில்லை. 'இது ஒரு கால்தான், இன்னொன்று எங்களிடம் இருக்கிறது' என்று பையருக்கு யார் எழுதுகிறார்கள்? பதிப்பகம் பாதியைப் படிக்கும், ஓகே சொல்லும், மீதி போகும். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

அந்தப் பாதியில் ஒரு பெண் இருக்கிறாள், அவளை அடிக்கும் அண்ணன் இருக்கிறான். கடைசி வரியில் அவன் வெளியே கதவை உதைக்கிறான், அவள் உள்ளே தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அங்கே நிறுத்தியிருந்தேன்.

பிறகு காத்திருந்தேன்.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. கேட்டில் செக்யூரிட்டி காசிநாதனிடம் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். அவர் பின்னால் மரப்பலகையில் புறாக்கூண்டு மாதிரி அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு போன். சாயங்காலம் நான் டோக்கனை நீட்டும்போதே அவர் முகத்தைப் பார்ப்பேன்.

"இன்னாம்மா தெனம் என் மூஞ்சியப் பாக்கற? குரூப் ஃபோர் ரிசல்ட்டா?"

"இல்லண்ணா."

"அப்ப மாப்ள வூட்டுக்காரங்க. அவங்க வர்றதுன்னா வந்துருப்பாங்க. விடு."

மாம்பழக் காலத்தில் அனுப்பியது. பாலாற்றில் இந்த வருஷம் வந்த கொஞ்சம் தண்ணீரும் வந்து வற்றியும் போய்விட்டது. பதில் இல்லை. எனக்குப் பதிப்பகத்தின் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. வெள்ளைக்கார பையர்கூட ரிஜெக்ட் என்றால் பழுது இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிறான். தையல் கோணல், பசை தெரிகிறது, மூக்கு தட்டை என்று ஏதோ ஒன்றைச் சொல்கிறான். இவர்களுக்கு ஒரு வரி எழுத முடியவில்லை. யார் எழுதினால் உடனே பதில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆம்பூரில் செருப்பு கட்டுகிறவள் எழுதினால் காயட்டும்.

அட்டையில் தேதியைத் தப்பாக எழுதிவிட்டு நின்ற ஒரு நாளில் சாம்பிள் ரூம் இன்சார்ஜ் தௌசீப் அகமது என் மேஜையைத் தட்டினான். என்னைவிட இரண்டு வயது பெரியவன், வாயைத் திறந்தால் ஏச்சு.

"பையர் ஊர்ல பனி பேயுது, அவன் தூங்கறான். நீ இன்னாத்துக்குத் தூங்கற? பதில் வர்ற வரிக்கும் இந்த ரூம் சும்மா கெடக்குமா? போனது போச்சு, அடுத்தத எடு."

அவனை அந்த நிமிஷம் கத்திரிக்கோலால் குத்தியிருப்பேன். ஆனால் அவன் சொன்னது வேலை நியாயம். பையர் வாய் திறக்கிற வரை நாங்கள் சும்மா இருந்ததில்லை. இடது காலை வெட்டி வைப்போம், அடுத்த சீசன் மாடலை எடுப்போம். அன்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றபடியே, ஒரு கை கம்பியில், ஒரு கை போனில், கட்டை விரலால் இரண்டாம் பாதியைத் தொடங்கினேன்.

அதற்கு ஜான்சன் உதவினான். அவன் என்னை அடிக்கும்போதெல்லாம் நான் நாவலில் அந்த அண்ணனைக் கொன்றேன்.

சோறு குழைந்ததற்கு முதுகில் பெல்ட் விழுந்தது. மறுநாள் பஸ்ஸில் அவனை டிரம்முக்குள் இறக்கினேன். மாட்டிக்கொண்ட தோலை எடுக்க உள்ளே போகிறான், வெளியே எவனோ ஸ்விட்ச் போடுகிறான். ரசாயனம் கலந்த நீலத் தண்ணீரில் தோலோடு தோலாக அவன் சுற்றுவதை இரண்டு பக்கம் எழுதினேன். ஆம்பூர் பைபாஸ் வந்ததே தெரியவில்லை.

டிவி சத்தத்துக்கு என் காதில் அறைந்தான். மூன்று நாள் அந்தக் காதில் வண்டு ரீங்காரம். அவனை டேனரிக் கழிவுத் தொட்டியில் இறக்கினேன். மேலே நின்றவர்கள் கயிறு போடவில்லை.

அம்மாவின் வயிற்றில் உதைத்த வாரம் அவனை ரயிலுக்குக் கொடுத்தேன். அதில் எனக்குத் திருப்தி வரவில்லை, சட்டென்று முடிந்துவிட்டது.

இதெல்லாம் தெரிந்தது ஒருத்திக்குத்தான், பக்கத்து மெஷினில் சாம்பிள் தைக்கும் ஹலீமா பீ. டீ நேரத்தில் கப்பை ஊதிக்கொண்டே கேட்பாள்.

"நேத்து எப்பிடி செத்தான்?"

"டிரம்முல."

"அய்யே. தோல் கெட்டுப்போவும்டி. ஒரு லோடு தோல் இன்னா வெல தெரியுமா?"

"அப்ப சோத்துல மருந்து வெக்கட்டா?"

"வையி. ஆனா பிரியாணில வெக்காத. செத்தவன் மேல இருக்கிற கோவத்த பிரியாணி மேல காட்டாத."

அப்புறம் சத்தம் குறைத்துச் சொன்னாள்: "எழுதற கையி ஒரு நாளு நெஜமாவே அடிச்சிடும். பாத்துக்க."

"அடிக்கட்டும்."

"சொல்லுவ. என் மாமியா மேல நான் ஒரு வாட்டி தோசைக்கல்ல தூக்கனேன். தூக்கறது ஈஸி. எங்க எறக்கறதுன்னுதான் தெரியல."

டிசம்பர் பிறந்து தெருவில் ஸ்டார் கட்டத் தொடங்கினார்கள். நான் பொறுமை இழந்து பதிப்பகத்துக்கு ஒரு மெயில் போட்டேன். 'பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். ஆளைக் காயப்போடாதீர்கள். நான் தோல் இல்லை.' அனுப்பியபின் திருப்பி எடுக்கத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து சாயங்காலம் கேட்டில் காசிநாதன் டோக்கனை வாங்கும் முன்பே பேசினார்.

"உன் போனு கத்திக்கினே இருந்துச்சும்மா. மொதல்ல நான் எடுக்கல. அப்புறம் பேஜாரா போச்சு, எடுத்துட்டேன். யாரோ ஜோதியாம், மெட்ராஸு. பாப்பா உள்ள ஷூ பண்ணுது, அஞ்சரைக்கு மேல பேசுங்கன்னு சொல்லிட்டேன். தப்பா?"

தப்பில்லை என்று சொல்லக்கூட நிற்கவில்லை. ஹைவே ஓரம் லாரிகள் போய்க்கொண்டிருக்க, ஒரு காதைப் பொத்திக்கொண்டு அந்த எண்ணை அழைத்தேன். பதிப்பகத்தின் எடிட்டர் அவர். குரலில் சலிப்பு இருந்தது.

"உங்க மெயிலைப் பார்த்தேன். நல்லா திட்டியிருக்கீங்க. ஆனா பிரிசில்லா, மீதி எங்கே?"

"எந்த மீதி?"

"நாவலோட மீதி. அவ தாழ்ப்பாள்ல கை வைக்கிறா. அதோட நிக்குது. ஃபைல் அறுந்து வந்திருக்கு, திரும்ப அனுப்புவீங்கன்னு நினைச்சு ஓரமா வெச்சிருக்கோம்."

"நீங்க ஓகே சொன்னா அனுப்பலாம்னு இருந்தேன் மேடம்."

"ஓகேவா? முழுசாப் படிக்காம எதுக்கு ஓகே சொல்றது?"

நான் சாம்பிளைப் பற்றிச் சொன்னேன். வலது கால், இடது கால், திருட்டு, எல்லாம்.

"அப்ப இவ்வளவு மாசமா நான் உங்களுக்காகக் காத்திருந்தேன், நீங்க எனக்காகக் காத்திருந்தீங்க."

"நீங்க கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கணும். கேக்கல. இங்க தினம் வந்து குவியுது." மன்னிப்பும் இல்லை, மழுப்பலும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. "கேளுங்க. கண்காட்சிக்கு எந்தெந்தப் புத்தகம்னு திங்கட்கிழமை சாயங்காலம் முடிவு பண்றோம். அதுக்குள்ள மீதி வந்தா ஒரே மூச்சுல படிச்சிட்டு சேர்த்துப் பேசுவேன். வரலைன்னா அடுத்த வருஷம், அப்ப நான் இங்க இருப்பேனான்னே தெரியாது. அவன் கதவை உடைச்சு உள்ள வந்தா என்ன ஆகுது, எனக்குத் தெரியணும்."

என்ன ஆகிறது? என் போனில் அவன் பல விதமாகச் செத்துக் கிடந்தான். ஒரு நாவலில் ஒருவன் ஒரு முறைதான் சாக முடியும். ஹலீமாவிடம் கேட்டேன். தொட்டி என்றாள். தோல் வீணாகாது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து, சுவரோரம் உட்கார்ந்து போனில் தொட்டியை இன்னும் ஆழமாக்கிக்கொண்டிருந்தேன். அம்மா ஆரோக்கியமேரி எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து ஷூ தைத்துக்கொண்டிருந்தாள். ஏஜென்ட் வீட்டுக்கே கொண்டுவந்து போடும் வேலை அது. லாஸ்ட் என்று கால் வடிவத்தில் பிளாஸ்டிக் கட்டை வரும், அடியில் இரும்புத் தகடு பதித்திருக்கும். அதில் தோலைப் போட்டு மடியில் இடுக்கிக்கொண்டு மெழுகு நூலால் தைக்க வேண்டும். சாயங்காலம் ஏஜென்ட் வருவான்.

ஜான்சன் கறியோடு வந்தான். குடித்திருந்தான். பையை அம்மா முன்னால் போட்டான்.

"ஆக்கு."

"இந்த ஜோடி ஒண்ணுதாம்பா. முடிச்சிட்டு எழுந்துக்கறேன்."

"இப்ப ஆக்கு."

"கால் மணி நேரம்பா."

அவன் காலைத் தூக்கி, தரையில் ஊசியோடு ஊன்றியிருந்த அவள் வலது கையை மிதித்தான். மிதித்துவிட்டு எடுக்கவில்லை. குதிகாலைத் திருப்பினான், பீடியை அணைப்பதுபோல. காய்ந்த விறகு ஒடியும் சத்தம் அடுத்தடுத்து இரண்டு முறை கேட்டது. அம்மா கத்தவில்லை. வாயைத் திறந்தாள், அதிலிருந்து காற்று மட்டும் வந்தது.

எழுந்தது எனக்கு நினைவில்லை. குவியலிலிருந்து ஒரு லாஸ்ட்டைக் கணுக்கால் பக்கம் பிடித்திருந்தேன், இரும்பு வெளியே இருந்தது. முதல் அடி தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் விழுந்தது. எலும்பு உடைந்தது என் முழங்கை வரை தெரிந்தது. அவன் திரும்பினான். அவன் முகத்தில் கோபமே இல்லை, யாரோ கூப்பிட்டதுபோல் பார்த்தான். இரண்டாவது அடி காதில் விழுந்தது. காதின் மேல் பாதி கிழிந்து தொங்கியது. ரத்தம் என் வாய்க்குள் தெறித்தது. மூன்றாவதை ஓங்கினபோது அவன் அங்கே இல்லை, கீழே கிடந்தான். அடி தரையில் விழுந்து சிமெண்ட் பெயர்ந்தது. அம்மா தைத்து வைத்த ஜோடிகளின் மேல் குப்புறக் கிடந்து அவன் ஒன்றுக்குப் போனான். "அம்மா," என்றான். ஏதோ ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி.

நான் நாலாவதை ஓங்கினேன். அதை எங்கே இறக்குவது என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. பின்மண்டை.

அப்போது என் மணிக்கட்டில் நெருப்பு பட்டது. அம்மா. உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு முட்டிபோட்டு வந்து, என் மணிக்கட்டைப் பல்லால் கவ்வியிருந்தாள். எலும்பு வரைக்கும் கடித்தாள். லாஸ்ட் கீழே விழும் வரை விடவில்லை. விழுந்ததும் என் ரத்தத்தைத் துப்பினாள்.

"என் புள்ளையக் கொல்றியாடி, நாசமாப் போறவளே."

அவன் மேல் கவிழ்ந்து, நல்ல கையால் அந்தக் காதைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய வீங்கிய விரல்களிலிருந்து மெழுகு நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

தெருமுனை சத்தாரின் ஆட்டோவில் மூவரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவன் நடுவில், நாங்கள் இரண்டு பக்கம். சத்தார் கண்ணாடியில் பார்த்தான்.

"இன்னாச்சு?"

"பைக்ல உழுந்துட்டாங்க," என்றாள் அம்மா.

"மூணு பேருமா?"

"மூணு பேரும்."

"அவ கையில கடி பட்ட மாதிரி இருக்குதே."

"ரோட்டப் பாத்து ஓட்டுப்பா."

டாக்டரிடமும் பைக்தான். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமல் அம்மா பார்த்துக்கொண்டாள். அவனுக்குக் காறை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது, காதில் தையல். அம்மாவுக்கு நான்கு விரல்களில் கட்டு. எனக்கு ஊசி. அன்று முழுக்க அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை வார்டில் அவன் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். தொட்டியைப் படித்தேன். பொய். டிரம், பொய். ரயில், பொய். எல்லாவற்றிலும் யாரோ ஸ்விட்ச் போடுகிறார்கள், யாரோ கயிறு போடாமல் நிற்கிறார்கள், ஏதோ வண்டி வருகிறது. அந்தப் பெண் எதிலும் கையைத் தூக்கவே இல்லை. எலும்பு உடைவது முழங்கை வரை வந்து சேர்வது எதிலும் இல்லை. ரத்தம் வாய்க்குள் போவது இல்லை, இரும்பு மாதிரி இருந்த அந்த ருசி இல்லை. முக்கியமாக, மறுநாள் இல்லை. எல்லாவற்றையும் அழித்தேன். சாயங்காலத்துக்குள் அனுப்ப ஒன்றுமே இல்லாமல் போய்விடலாம் என்று தெரிந்தது. அப்படியும் அழித்தேன்.

அவள் தாழ்ப்பாளைத் திறக்கிறாள் என்று தொடங்கினேன். மணிக்கட்டுக் கட்டு இழுத்தது. இடது கட்டை விரலால் தட்டினேன், பிறகு இரண்டாலும். நடுவில் சாப்பாட்டு வண்டி வந்தது. அவனால் கையைத் தூக்க முடியவில்லை, அம்மாவுக்கும் சோறு பிசைய வலது கை இல்லை. வேறு யார்? எழுந்து சோற்றைப் பிசைந்து அவன் வாயில் வைத்தேன். என் விரலைக் கடிப்பானோ என்று ஒவ்வொரு வாய்க்கும் பார்த்தேன். அவனும் சோற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் வாயைத் திறந்தான். கையைக் கழுவிவிட்டு வந்து அதையும் எழுதினேன்.

மதியத்துக்கு மேல் அவன் கேட்டான்.

"காலையிலேர்ந்து இன்னா அத நோண்டிக்கினே இருக்கற?"

"எழுதறேன்."

"இன்னா?"

"உன்ன."

மேலே சுற்றாத ஃபேனைப் பார்த்தபடி கேட்டான்.

"சாவறனா அதுல?"

"இல்ல."

"ஏன்?"

"நெறய வாட்டி சாவடிச்சிப் பாத்தேன். நல்லா வரல."

அவன் சிரிக்கப் பார்த்தான், தோள் இழுத்து முகம் கோணியது.

"தோளு சேரட்டும். உன் கைய ஒடிக்கிறேன்."

"அதுக்குள்ள முடிச்சிடுவேன்."

சும்மா மிரட்டவில்லை அவன். ஒடிப்பான், அல்லது ஒடிக்க வருவான். நானும் சும்மா சொல்லவில்லை. லாஸ்ட்டுகளை ஏஜென்ட் இன்னும் எடுத்துப் போகவில்லை.

வார்டில் டியூப்லைட் போட்ட நேரத்தில் அனுப்பினேன். ஒரு முறைகூடத் திருப்பிப் படிக்கவில்லை. 'இதுதான் மீதி. இப்போது முழுசாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் ஜோதியிடமிருந்து ஒரு வரி வந்தது. 'கிடைத்தது. மீட்டிங்கைப் புதனுக்குத் தள்ளியிருக்கிறேன். படித்துவிட்டுச் சொல்கிறேன்.'

மறுபடியும் காத்திருக்க வேண்டும். வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடிக்கப் பார்த்தேன். அடிக்கவும் முடியாது, அதில்தான் பதில் வர வேண்டும்.

அம்மா எங்கிருந்தோ இரண்டு டீ வாங்கி வந்தாள், நல்ல கையில் இரண்டு கப்பையும் இடுக்கிக்கொண்டு. ஒன்று அவனுக்கு, ஒன்று தனக்கு. என்னைத் தாண்டிப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஊதி ஊதி அவனுக்குக் குடிக்கக் கொடுத்தாள். நான் அவளையே பார்த்தேன். அவள் கன்னத்து எலும்பு, மேல் உதட்டுக்குக் கீழே தெரிந்த அந்தப் பற்கள். அவள் என்னைக் கடித்ததை நாவலில் எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதில் அம்மாவே கிடையாது. முதல் பாதியிலேயே நான் அவளைச் சாகடித்துவிட்டிருந்தேன், கதைக்குச் சுலபம் என்று.

புதன்கிழமைக்கு இன்னும் நேரம் இருந்தது. புதுப் பக்கத்தைத் திறந்து, மணிக்கட்டுக் கட்டைப் பல்லால் கொஞ்சம் தளர்த்திவிட்டு, எழுதினேன்: 'என் அம்மா என் கையைக் கடித்தபோது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. அவள் பற்கள் ஒன்றுகூட விழுந்திருக்கவில்லை.'